தாளின் அடியில் இரண்டு எழுத்து

6 அக்டோபர் 1969, திங்கள்

இந்த டைரி ரூத் மேசன் கொடுத்தது. வருடத்தில் ஒன்பது மாதம் கழிந்த பிறகு கிடைத்த டைரி. அத்தானுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது அவள் ஆபீஸ் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தாள். "மிசஸ் பாத்தி, இது யாருக்கும் வேண்டாமாம். எடுத்துக்கொள்" என்று நீட்டினாள். ரத்தினசபாபதி என்ற பெயர் இந்தியானாவில் யார் வாயிலும் முழுசாக நுழையவில்லை. வந்த வாரமே வாலை மட்டும் வைத்துக்கொண்டு டாக்டர் பாத்தி ஆக்கிவிட்டார்கள். அந்த வாலுக்கு வாலாக நான் மிசஸ் பாத்தி. மங்கையர்க்கரசி பாளையங்கோட்டையோடு சரி.

ரூத் தாவர வேதியியல் துறையின் காரியதரிசி. ஐம்பது தாண்டியவள், கணவன் இல்லை. மேசையில் ஒரு சின்னக் கொடி, பக்கத்தில் பட்டாள உடுப்பில் மகன் படம். மகன் வியட்நாமில் இருக்கிறான். அவளுக்குப் பிடிக்காதவை மூன்று: முடி வளர்த்த பையன்கள், போர் வேண்டாம் என்று ஊர்வலம் போகிறவர்கள், என் டிபன் காரியரின் பூண்டு வாசனை. மூன்றையும் ஒளிக்கமாட்டாள். அதனால்தானோ என்னவோ எனக்கு அவளைப் பிடிக்கிறது.

இன்று தபாலைப் பிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள். "எந்தக் கடிதம் வந்தாலும் நான் முதலில் அடியில்தான் பார்ப்பேன். கையெழுத்துப் போட்டவர் யாராகவும் இருக்கட்டும். அடித்தவள் யார் என்று எனக்குத் தெரியவேண்டும்." கடிதத்தின் இடது மூலையில் சின்ன எழுத்தில் டைப்பிஸ்டின் பெயரெழுத்துக்கள் இருக்குமே, அதைச் சொல்கிறாள். எனக்கு இன்ஸ்டிட்யூட் சாலமன் மாஸ்டர் ஞாபகம் வந்துவிட்டார். "அடிச்சவன் எழுத்து இல்லாத காயிதம் அனாதைப் பொணம்" என்று சொல்லி இரண்டு மார்க் குறைப்பார். நானும் டைப்ரைட்டிங் ஹையர், முதல் வகுப்பு என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. டாக்டர் பெண்டாட்டிக்கு டைப் அடிக்கத் தெரியும் என்றால் கௌரவம் போய்விடும் என்று கப்பல் ஏறும்போதே அத்தான் சொல்லிவிட்டார்.

8 அக்டோபர், புதன்

எங்கள் வீடு பழைய பட்டாளக் கொட்டகை. பெரிய சண்டை முடிந்து திரும்பி வந்த சிப்பாய்கள் படிப்பதற்காகப் போட்டதாம். இருபது வருடம் கழித்தும் சுவரில் பட்டாளப் பச்சை தெரிகிறது. நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் ஜூடி. அவள் தும்மினால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

ஜூடி சமூகவியல் படிக்கிறாள். காசு போட்டுத் துவைக்கும் மெஷினைக் காட்டித் தந்தவள் அவள்தான், போன பனிக்குத் தன் பழைய கோட்டைக் கொடுத்தவளும் அவள்தான். என்னை மேங்கி என்கிறாள். பதினைந்தாம் தேதி நாடு முழுவதும் போர் எதிர்ப்பு நாள், நீயும் வா என்றாள். விசாவில் இருக்கிறவர்கள் போகக்கூடாது என்றேன். "குழந்தைகள் சாகும்போதும் விசா பார்ப்பாயா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் தோசையில் மூன்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

9 அக்டோபர், வியாழன்

அத்தான் ஒரு கத்தைத் தாளும் வாடகை டைப்ரைட்டருமாக வந்து நின்றார்.

"ரூத் லீவுல கெடக்கா, பல்லு புடுங்கி மூஞ்சி வீங்கிட்டாம். புரொபசர் நாளைக்கே ரிப்போர்ட் கேக்காரு. அடிச்சிருவியா மங்கா?"

"டாக்டர் பொண்டாட்டி அடிக்கலாமா?"

"கிண்டல் பண்ணாத. இந்தக் காயிதம் கட்டடத்த விட்டு வெளிய வரவே கூடாது. நான் கொண்டாந்தது தெரிஞ்சா அவ்வளவுதான். யார்ட்டயும் மூச்சு விடாத. அடியில உன் எழுத்து கிழுத்துப் போட்டுராத."

நாற்பத்திரண்டு பக்கம். முதல் பக்கத்திலேயே இராணுவ ஒப்பந்த எண். உள்ளே பட்டியல் பட்டியலாக ஏதோ மருந்து, ஏதோ செடி, எத்தனை நாளில் எத்தனை சதவீதம் வாடியது என்று. கை ஒரு வருடமாகச் சும்மா இருந்ததில் முதல் இரண்டு பக்கம் திணறியது. பிறகு பிடித்துக்கொண்டது. சந்தோஷமாக இருந்ததை எழுதத்தான் வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்தவற்றில் இன்னும் கெடாமல் இருப்பது என் பத்து விரல்கள்தான்.

10 அக்டோபர், வெள்ளி

காலையில் முடித்துக் கொடுத்தேன். ஓர் அடித்தல் இல்லை. தலைப்புகளுக்கெல்லாம் சாலமன் மாஸ்டர் முறைப்படி இரட்டைக் கோடு. அடியில் எழுத்துப் போடாமல் விட்டதுதான் விரல் நுனியில் அரித்துக்கொண்டே இருந்தது.

செடிப் பட்டியலில் 'ஒரைசா சட்டைவா' என்று ஒரு பெயர் பதினோரு இடத்தில் வந்தது. மற்றப் பெயர்களுக்குப் பக்கத்தில் மரம், புதர் என்று இருக்கிறது. இதற்கு ஒன்றும் இல்லை. அத்தான் சட்டை மாட்டும்போது கேட்டேன்.

"நெல்லு."

"நெல்லா?"

"நெல்லுதான். இப்ப அதுக்கு என்ன?"

"பதினெட்டு நாளுல தொண்ணூத்தஞ்சு சதவீதம்னு போட்டிருக்கே. நெல்லை எதுக்கு வாட வைக்கணும்?"

"நான் யாரு வயல்லயும் போயி ஊத்தல. தொட்டியில வளத்து, குப்பியில வச்சிப் பாக்கேன். அவ்வளவுதான் என் சோலி. சோத்தக் கட்டு, நேரமாச்சு."

சோற்றைக் கட்டினேன்.

11 அக்டோபர், சனி

ஒன்றுமில்லை. கத்தரிக்காய் கிடைத்தது.

12 அக்டோபர், ஞாயிறு

அத்தான் கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது ஜூடி வந்தாள். வியாழன் ராத்திரி முழுக்க பலகைச் சுவர் வழியாக டைப் சத்தம் கேட்டிருக்கிறாள். "நீ அடிக்கிறாயா! எங்களில் ஒருத்திக்கும் ஸ்டென்சில் ஒழுங்காக வெட்டத் தெரியாது" என்று ஒரு நோட்டீஸ் வரைவை நீட்டினாள். தலைப்பு: 'நம் பல்கலைக்கழகம் எதை விளைவிக்கிறது?' தாவர வேதியியல் துறையில் இராணுவப் பணத்தில் வேலை நடக்கிறது என்று ஊகமாக எழுதியிருந்தார்கள். ஆதாரம் ஒன்றும் இல்லை. 'ஒப்பந்த எண்' என்று எழுதி அதற்குப் பக்கத்தில் வெறும் கோடு. 'அழிக்கப்படும் பயிர்கள்' என்று எழுதி அங்கேயும் கோடு.

"எண் கிடைத்தால் யாராலும் மறுக்க முடியாது. கிடைக்கவில்லை. கோட்டை எடுத்துவிட்டு அடித்துக் கொடு" என்றாள். என் கணவர் அந்தத் துறையில்தான் இருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வந்தாள். அதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

13 அக்டோபர், திங்கள்

அத்தான் போன பிறகு நாடாவைக் கழற்றிவிட்டு ஸ்டென்சில் வெட்டினேன். பிரதி ஓட்டுகிற மெழுகுத் தாளில் அடிப்பது எனக்குக் கை வந்த வேலை. சுற்றிலும் ஓரம் விட்டு, அளவு பார்த்து, ஒரே மூச்சில் முடித்தேன். ஜூடி வந்து வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கட்டிக்கொண்டாள். இந்த ஊர்ப் பெண்கள் எதற்கெடுத்தாலும் கட்டிக்கொள்வார்கள்.

15 அக்டோபர், புதன்

ஊரே தெருவில் இருந்தது. ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு பாதிரியார்கள், வாத்தியார்கள், கைக்குழந்தைக்காரிகள். எதிர்ச் சாரியில் ஆறேழு பேர் கொடியைப் பிடித்துக்கொண்டு, ரஷ்யாவுக்குப் போங்கள் என்று கத்தினார்கள். அவர்களில் ரூத்தும் நின்றாள். பல் வீக்கம் இன்னும் வடியவில்லை, ஒரு பக்கம் துணி கட்டியிருந்தாள்.

மத்தியானம் எங்கள் கதவுக்கு அடியிலும் ஒரு நோட்டீஸைச் செருகிவிட்டுப் போனார்கள். ஐந்நூறு பிரதி ஓட்டினார்களாம். நன்றாக விழுந்திருந்தது. ஒப்பந்த எண் இருந்தது. பதினெட்டு நாள், தொண்ணூற்றைந்து சதவீதம், நெல் என்று இருந்தது.

இடது மூலையில், கடைசி வரிக்கு இரண்டு வரி கீழே, சின்ன எழுத்தில் 'ஆர் எம்' என்றும் இருந்தது.

ஆர். மங்கையர்க்கரசி. புருஷன் எழுத்து முன்னால், என் எழுத்து பின்னால். நான் எப்போது அதைப் போட்டேன் என்றே தெரியவில்லை. பெயர் இல்லாமல் ஊருக்குள் விடவேண்டிய நோட்டீஸில் பெயரெழுத்துப் போட்டு வைக்கிற மூதேவி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். குக்கரில் தண்ணீர் வைக்காமலே அடுப்பை ஏற்றிவிட்டேன்.

16 அக்டோபர், வியாழன்

அத்தான் சாயங்காலம் வந்ததும் நோட்டீஸைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். நின்றபடியே முழுவதும் படித்தார், நேற்றே படித்திருப்பார், இருந்தாலும் படித்தார். பிறகு அடிப்பகுதியை விரலளவு மடித்து நகத்தால் தேய்த்தார். அந்தத் துண்டைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"டைப்ரைட்டரத் திருப்பிக் குடுத்துட்டு வாரேன். ரிப்போர்ட்தான் முடிஞ்சிட்டே" என்றார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு குளிரில் நடந்தே போனார். வந்து ரசம் நன்றாக இருக்கிறது என்றார். கல்யாணமாகி நான்கு வருடத்தில் ரசத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

21 அக்டோபர், செவ்வாய்

பல்கலைக்கழகத்திலிருந்து விசாரிக்க இரண்டு பேர் வந்தார்களாம். அவர்கள் பார்த்ததும் அடியில்தான். இந்த ஊரில் சொந்தப் பெயர் முன்னால் வரும், குடும்பப் பெயர் பின்னால் வரும். ஆர், எம். ஒப்பந்தக் கோப்பு யார் கைவசம்? ரூத் மேசன் கைவசம்.

மிசஸ் பாத்தியை யார் நினைப்பார்கள்? அவள் எழுத்து எம், பி. அவளுக்குத்தான் டைப்பே தெரியாதே, டிபன் காரியர் தூக்கத்தானே தெரியும்.

அத்தானையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள், ரிப்போர்ட்டை அடித்தது யார் என்று. என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை. வெந்நீர் கேட்டார், போட்டேன்.

25 அக்டோபர், சனி

துவைக்கும் கடையில் ரூத் இருந்தாள். வீட்டு மெஷின் கெட்டுப்போய்விட்டதாம். என்னைப் பார்த்ததும் தன் கூடையை நகர்த்தி இடம் விட்டாள். படுக்கை விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறு முனையை நான் பிடிக்க, இரண்டு பேருமாக மடித்தோம்.

"அந்த நோட்டீஸைப் பார்த்தாயா?" என்று கேட்டாள். தலையசைத்தேன்.

"அடித்தவள் நல்ல வேலைக்காரி. ஓரம் நூல் பிடித்த மாதிரி. ஓர் எழுத்துத் தப்பு இல்லை. எனக்குக் கீழே இருந்திருந்தால் சம்பளத்தை ஏற்றச் சொல்லியிருப்பேன்." சிரிக்க முயன்றாள், பல் இடம் கொடுக்கவில்லை. "என் பையன் அங்கே காட்டுக்குள் கிடக்கிறான். அவன் முதுகில் குத்துகிற தாளை நானா அடிப்பேன்?"

இல்லை என்றேன். அந்த ஒரு வார்த்தையாவது உண்மையாகச் சொன்னேன்.

"எழுத்து ஒத்துப்போகிறதே என்கிறார்கள். அதைக்கூடச் சமாளித்துவிடுவேன். ஆனால் உன் கணவர், ரிப்போர்ட்டை அடித்தது நான்தான் என்று சொல்லியிருக்கிறார். அந்த வாரம் நான் பல் பிடுங்கிக்கொண்டு படுத்திருந்தேன். மாற்று ஆள் யாரையாவது வைத்து அடித்திருப்பார், மறந்திருப்பார். வேலை மும்முரத்தில் மறதி வருவது சகஜம்தான். நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஞாபகப்படுத்திப் பார்க்கச் சொல்லு, மிசஸ் பாத்தி. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்."

நான்காவது விரிப்பை மடித்து முடித்திருந்தோம். அவள் மூலையோடு மூலை சேர்த்து, கையால் நீவிக் கூடையில் வைத்தாள். சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். என் மெஷின் நின்று மணி அடித்தது. போய் ஈரப் புடவைகளை எடுத்தேன். திரும்பியபோது அவள் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கேட்கிறேன்" என்றேன்.

"நன்றி. நீ நல்ல பெண்" என்றாள்.

26 அக்டோபர், ஞாயிறு

கேட்டேன்.

"ரிப்போர்ட்ட ரூத் அடிச்சான்னா சொன்னீங்க?"

"யாரு சொன்னா உனக்கு?"

"அவளே சொன்னா. அந்த வாரம் அவ வீட்டுல கெடந்தா அத்தான். நாந்தான அடிச்சேன்."

அவர் வானொலியைச் சத்தமாக வைத்தார். பலகைச் சுவரைக் கண்ணால் காட்டினார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"வீட்டுக்குக் கொண்டாந்தேன்னு சொன்னா என் சீட்டக் கிழிச்சிருவான். கிரீன் கார்டுக் காயிதம் புரொபசர் மேசையில கெடக்கு, ஒரு கையெழுத்துதான் பாக்கி. ஊருல அப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு, எம் மவன் அமெரிக்காக்காரன் ஆயிட்டான்னு. திரும்பிப் போயி எங்க முழிக்கச் சொல்லுத?"

"அவளுக்கு வேலை போயிருமே."

"அது அவ ஊரு. அவளுக்கு ஆயிரம் இடம். நமக்கு எந்த இடம் இருக்கு?"

"பாவம் இல்லையா?"

அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். "நோட்டீஸ்ல அடியில இருந்த எழுத்து யாருதுன்னு நான் உன்ட்ட கேட்டனா மங்கா? கேக்கலல்ல. அது மாதிரி நீயும் கேக்காத."

இப்படி ஓர் ஒப்பந்தம் எங்களுக்குள் ஆயிற்று. இதற்கு எண் கிடையாது.

27 அக்டோபர், திங்கள்

ஜூடியின் வரைவில் கோடு போட்ட இடங்களை நிரப்பியது யார் என்று பதின்மூன்றாம் தேதிப் பக்கத்தில் எழுதாமல் விட்டிருக்கிறேன். யாரும் இந்த டைரியைப் படிக்கப்போவதில்லை, தமிழ் தெரிந்தவர் ஒருவர்தான் இருக்கிறார், அவருக்கும் தெரியும். பிறகு யாரிடம் மறைத்தேன்?

அடிக்கும்போது ஒரு வேகம் இருந்தது. ஆற்றுப்பாசன ஊர்க்காரி, நெல்லை வாட வைக்கிற கணக்கைப் பதினோரு தடவை என் விரலாலேயே அடித்திருக்கிறேன், அதற்கு ஒரு பதில் சொல்லியாகவேண்டும் என்ற வேகம். பெரிய தைரியசாலி மாதிரி உணர்ந்தேன். தைரியம் ஒரு பக்கத்துக்குத்தான் இருந்தது. அந்த ஒரு பக்கத்துக்கு யார் விலை கொடுப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

3 நவம்பர், திங்கள்

ரூத்தை நீக்கிவிட்டார்கள். பதினேழு வருட வேலை. கொடியையும் மகன் படத்தையும் ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாளாம். அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். மோர் கேட்டார்.

ஜூடியிடம் போனேன். "எழுத்து என்னுடையது. உனக்குத் தெரியும். ஏதாவது செய்யேன். உன் பெயரைச் சொல்லவேண்டாம், என் பெயரையும் சொல்லவேண்டாம், ரூத் இல்லை என்று மட்டும் யாராவது எழுதக்கூடாதா?"

ஜூடி கையில் பெயின்ட் பிரஷ். வாஷிங்டன் ஊர்வலத்துக்குப் பலகை எழுதிக்கொண்டிருந்தாள். "யோசித்துப் பார், மேங்கி. அந்தக் கோப்புகளையெல்லாம் பதினேழு வருடம் அடுக்கி வைத்தவள் அவள். அவளும் இந்தச் சண்டையில் சம்பளம் வாங்கினவள்தானே? எங்களைப் பார்த்து ரஷ்யாவுக்குப் போ என்று கத்தினவள். அவளுக்காக உன்னை நாடு கடத்த விடுவேனா?"

என்னைக் காப்பாற்றுகிற மாதிரித்தான் பேசினாள். எனக்கும் அப்படிக் காப்பாற்றப்படுவதில் ஆட்சேபம் இல்லை. வியட்நாமில் இருக்கிற ஒவ்வொரு தாய்க்கும் ஜூடி அழுவாள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிற தாய்க்கு மட்டும் அவளிடம் கண்ணீர் இல்லை. என்னிடம் இருக்கிறது. இருந்து என்ன செய்தேன்?

7 நவம்பர், வெள்ளி

இதை எப்படி எழுதுவது? புரொபசர் அத்தானிடம், உன் மனைவிக்கு டைப் தெரியுமா என்று கேட்டிருக்கிறார். வேலைக்கு ஆள் உடனே கிடைக்கவில்லையாம். ஒரு வருடமாக என் கௌரவத்தைக் காத்துவந்த அத்தான், ஹையர் பாஸ், முதல் வகுப்பு என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"எனக்கு வேண்டாம் அத்தான்."

"வேண்டாம்னா ஏன்னு கேப்பாரு. என்ன சொல்லட்டும்?"

விசா அனுமதிக்குப் புரொபசரே எழுதினார். விண்ணப்பத்தில் அத்தான் என் பெயரைத் தானே எழுதினார்: மங்கை பாத்தி. என் பெயரில் இருந்த அரசியும் போயாயிற்று.

14 நவம்பர், வெள்ளி

ஜூடி பஸ்ஸில் வாஷிங்டன் போனாள். பூனைக்குச் சோறு வைக்கச் சொன்னாள்.

24 நவம்பர், திங்கள்

ரூத்தின் நாற்காலியில் உட்கார்ந்தேன். மேசையில் கொடி நின்ற இடம் மட்டும் வெளுக்காமல் வட்டமாக இருக்கிறது. கோப்புகளை அவள் வைத்திருக்கிற ஒழுங்கைப் பார்த்தால் கண் கலங்குகிறது. எந்தத் தாளையும் தேடவேண்டிய அவசியமே இல்லை, கை வைத்த இடத்தில் இருக்கிறது.

அடியில் எம் பி போடுகிறேன். தலைப்புக்கு ஒற்றைக் கோடுதான் போடுகிறேன். இரட்டைக் கோட்டை விட்டுவிட்டேன்.

1 டிசம்பர், திங்கள்

யார் முதலில் பட்டாளத்துக்குப் போவது என்று பிறந்த தேதிகளைக் கண்ணாடி ஜாடியில் போட்டு எடுத்ததை ஜூடி வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தேன். கோயிலில் திருவுளச்சீட்டு எடுக்கிற மாதிரி ஆள் மாற்றி ஆள் வந்து எடுத்தார்கள். ஜூடியின் தம்பிக்கு முந்நூறுக்கு மேல் எண் விழுந்தது, அவனைக் கூப்பிடமாட்டார்கள். அவள் துள்ளிக் குதித்து என்னைக் கட்டிக்கொண்டாள். முதல் எண்கள் விழுந்த பிள்ளைகளைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. அவளைக் குறை சொல்ல நான் யார்?

அடுத்த வாரம் இன்னொரு ஸ்டென்சில் வெட்டித் தருவாயா என்றாள். வீட்டில் மெஷின் இல்லை என்றேன். ஆபீஸில் இருக்கிறதே என்றாள். கண்ணைக்கூட இமைக்கவில்லை.

9 டிசம்பர், செவ்வாய்

தபாலில் ஒரு மெல்லிய உறை. தபால்தலை ஒட்டும் இடத்தில் 'இலவசம்' என்று பேனாவில் எழுதியிருந்தது. போர்முனையிலிருந்து எழுதுகிறவர்கள் தபால்தலை ஒட்டவேண்டாமாம். ரூத் மேசன், தாவர வேதியியல் துறை என்று முகவரி. ஆபீஸுக்குத்தான் தபால் சீக்கிரம் வரும் என்று மகனை இங்கே எழுதச் சொல்லியிருப்பாள். வேலை போனதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

அவள் நெப்ராஸ்காவில் தங்கை வீட்டோடு போய்விட்டாள் என்று தபால்காரர் சொன்னார். அந்த முகவரியை எழுதித் திருப்பி அனுப்பினேன். உறையில் செம்மண் அப்பியிருந்தது. மேசையைத் துடைத்தேன்.

16 டிசம்பர், செவ்வாய்

ரூத்திடமிருந்து புரொபசருக்குக் கடிதம். நான்தான் பிரித்தேன். அவளே அடித்தது. மூன்று பத்தி, ஒரு பிசிறு இல்லை. இந்த வயதில் பெயர் கெட்டுப்போனவளுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் வேலை தருவதில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, மீதியெல்லாம் தொழில் பேச்சு. 'அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். தலைப்புகளுக்கு இரட்டைக் கோடு போட்டிருக்கிறது என்று விசாரணையின்போது கவனித்தேன். முப்பது வருடத்தில் நான் இரட்டைக் கோடு போட்டதில்லை. அடியில் எழுத்தும் இல்லை. எழுத்து இல்லாமல் நான் எதையும் அடித்ததில்லை. நான் கேட்பது மன்னிப்பு அல்ல. பழைய தாள்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.'

புரொபசர் பாதி வரை படித்தார். "நான்கு வரியில் பதில் போதும்" என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். முடிந்துபோன விஷயம். மறுபரிசீலனைக்கு இடமில்லை. மேற்கொண்டு கடிதம் வேண்டாம். புது வருட வாழ்த்துகள்.

அடித்தேன். நான்கு வரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு வரி விட்டு, இடது மூலைக்கு வந்து, புரொபசரின் எழுத்துக்களைப் பெரிதாகவும் என் எழுத்துக்களைச் சின்னதாகவும் போட்டு உருவினேன்.

ஆர் எம் என்று இருந்தது.

பழக்க தோஷம் என்றுதான் எழுதவேண்டும். இருபத்துமூன்று நாளாக எம் பி போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள்கூட விரல் தவறியதில்லை.

தாளை மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது போய்ச் சேர்ந்தால் ரூத் கையெழுத்தைப் பார்க்கமாட்டாள். நான்கு வரியையும் பிறகுதான் படிப்பாள். முதலில் அடியில் பார்ப்பாள். பார்த்த அந்த நொடியிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். நான் வாயைத் திறக்கவேண்டாம், அத்தான் ஞாபகப்படுத்திப் பார்க்கவேண்டாம், ஜூடி பலகை எழுதவேண்டாம். உறையில் போட்டு ஒட்டினால் போதும். இந்த ஊரில் என்னால் செய்யமுடிந்த ஒரே நல்ல காரியம் என் மேசையில் காகிதமாகக் கிடந்தது.

அத்தான் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓடிவந்தார். முகமெல்லாம் பல். "மங்கா, புரொபசர் கையெழுத்துப் போட்டுட்டாரு. கிரீன் கார்டுக் காயிதம் இன்னிக்கே தபால்ல போவுது. அதையும் நீயே உறையில போட்டுரு" என்று என் மேசையில் வைத்தார். ரூத்துக்குப் போகவேண்டிய கடிதத்தின் பக்கத்திலேயே வைத்தார். அடியைப் பார்த்தாரா என்று தெரியாது. பிறகு, "இன்னிக்குப் பாயசம் வைய்யி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதுத் தாள் எடுத்து மெஷினில் செருகினேன். நான்கு வரியையும் மறுபடி அடித்தேன். அடியில் எம் பி. இரண்டு உறைகளையும் ஒட்டி மூன்று மணித் தபாலில் சேர்த்தேன். முதல் தாளை நான்காகக் கிழித்தேன், பிறகு எட்டாக.

அலமாரியில் 1970ஆம் வருட டைரிகள் வந்து இறங்கியிருந்தன. இனி அதற்கெல்லாம் நான்தான் பொறுப்பு. எனக்கு ஒன்று எடுத்துக்கொண்டேன்.

கடிதத்தில் ஓர் எழுத்துப் பிழை இல்லை. ஓரம் சரி, இடைவெளி சரி, அடியில் அடித்தவளின் எழுத்தும் இருக்கிறது. சாலமன் மாஸ்டர் பார்த்தால் முழு மார்க் போடுவார்.